பெயர் பதிவேட்டில், பிள்ளை வீட்டில்

பௌர்ணமி இரவில் கிரிவலம் வருகிறவர்கள் மலையின் மேற்குப் புறத்தை அடையும்போது அடி அண்ணாமலைக்கு வந்து சேர்கிறார்கள். ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று சொல்லப்படும் சிறு கோயிலும் இங்கேதான் இருக்கின்றன. 14 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில் யாரும் யாருக்காகவும் வேகம் கூட்ட வேண்டியதில்லை. நான்கு மணி நேரத்தில் முடித்தாலும் கிரிவலம். முழங்கால் வலியோடு விடிய விடிய நடந்தாலும் கிரிவலம். அதே பாதையின் ஓரத்தில், துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிகளையும் ஊர் பார்க்கிறது. சில்லறை போடுகிற கை நல்ல கைதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ வேறுபட்ட ஒருவரை நாம் அதிகம் சந்திக்கிற இடம் தானம் கொடுக்கும் இடமாகவே இருந்துவருவது யோசிக்க வைக்கிறது. திங்கட்கிழமை காலை பள்ளி மணி அடிக்கும்போது இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் கல்வி நம் ஊர்களில் இன்னும் இரக்கத்தின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. அதை வகுப்பறை நேரத்தின் கணக்கிலும் ஆசிரியர் பணியிடத்தின் கணக்கிலும் எழுத வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

சட்டத்தில் குறை இல்லை. இயலாமை உள்ள குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்கும் திட்டத்தை ஒன்றிய அரசு 1974-லேயே தொடங்கியது. 1995-இல் வந்த சட்டம் 7 வகை இயலாமைகளை அங்கீகரித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு ஆகியவையெல்லாம் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2012-இல் செய்த திருத்தம் இந்தக் குழந்தைகளையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரோடு சேர்த்தது. அரசிடம் நிதி பெறும் பள்ளி மட்டுமல்லாமல், அரசின் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இவர்களைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 31-ஆம் பிரிவு தருகிறது. இவற்றில் சில வருவதற்கு முன் எடுத்த 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 19 வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளில் 61 விழுக்காட்டினர் மட்டுமே கல்வி நிலையங்களுக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். 27 விழுக்காட்டினர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இயலாமைகள் உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேல், அதாவது 54 விழுக்காடு, அப்படி விடுபட்டவர்கள். அடுத்த கணக்கெடுப்பு ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போனதால் இன்றும் கையில் இருக்கும் முழு எண்ணிக்கை அதுதான்.

தமிழ்நாட்டின் நிலை தேசிய சராசரியைவிட மேலானது என்று அதிகாரிகள் சொன்னால், அது சேர்க்கையைப் பொறுத்தவரை சரிதான். ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு வட்டார வள மையம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் 18 ஒன்றியங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று. வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சி தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடக்கிறது, அடையாள அட்டை வழங்கப்படுகிறது. சக்கர நாற்காலியும் காதொலிக் கருவியும் கொடுக்கிறார்கள். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பதிவுகளில் மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறப்புத் தேவைக் குழந்தைகளின் பெயர்கள் இருக்கின்றன. சிக்கல் அந்தப் பெயர்களுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பதிவேட்டில் பெயர் இருப்பதும், அந்தப் பெயருக்கு உரிய பிள்ளை காலை முதல் மாலை வரை வகுப்பில் உட்கார்ந்து எதையாவது கற்றுக்கொண்டிருப்பதும் வேறு வேறு. சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டிக் கல்வி நடக்கிறது என்று சொல்வது, கல்யாணப் பத்திரிகையைக் காட்டிச் சாப்பாடு ஆயிற்று என்று சொல்வதைப் போன்றது.

வீட்டுவழிக் கல்வியை எடுத்துக்கொள்வோம். கடுமையான இயலாமையோ பல்வகை இயலாமையோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012 திருத்தம் வழிவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தைக்கு அது தேவையான ஏற்பாடு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. 200 நாள் என்பது 40 வாரம். சிறப்பாசிரியர் வாரம் தவறாமல் ஒருமுறை வீட்டுக்கு வந்து, முழுதாக இரண்டு மணி நேரம் இருந்து கற்பித்தாலும் ஆண்டுக்கு 80 மணி நேரம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சட்டம் தருவதில் பத்தில் ஒரு பங்கு. மழை, முகாம், கூட்டம், தேர்தல் வேலை, பேருந்து வராத நாள் இவற்றையெல்லாம் கழித்தால் அந்த 80-உம் தேயும். இந்த நிலையில், பள்ளிக்கு வர முடிந்த பிள்ளையையும் 'வீட்டுவழி' என்ற கட்டத்துக்குள் போட்டுவிடுவது நிர்வாகத்துக்கு எளிது, பள்ளிக்கு நிம்மதி, பெற்றோருக்கு ஆறுதல். இழப்பு முழுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். பள்ளி என்பது எழுத்தும் எண்ணும் கற்கிற இடம் மட்டுமா? வரிசையில் நின்று சத்துணவு வாங்குவதும், பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டுப் பழம் விடுவதும், தன் பெயரை வேறொரு குழந்தை உரக்கக் கூப்பிடக் கேட்பதும் அங்கேதான் நடக்கின்றன. இவற்றை எந்த வீட்டு வருகையாலும் கொடுக்க முடியாது.

வர முடிந்த பிள்ளை ஏன் வருவதில்லை என்பதற்கான விடை பல சமயம் சிமென்டில் இருக்கிறது. பள்ளித் தாழ்வாரத்துக்கு மூன்று படிகள் என்று வைத்துக்கொள்வோம்; படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் ஒன்றரை அடி உயரம். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீள வேண்டும் என்பது பொதுவான விதி. ஆக, ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் தேவை. ஒப்பந்ததாரர் அதை ஆறு அடிக்குள் முடித்துவிட்டால், பின்னாலிருந்து பெரியவர் ஒருவர் மூச்சுவாங்கத் தள்ளினால்தான் நாற்காலி ஏறும். இறங்கும்போது தானாக உருண்டுவிடும். ஆனாலும் ஆய்வுப் படிவத்தில் 'சாய்தளம் உண்டா?' என்ற கேள்விக்கு 'உண்டு' என்று குறித்தாகிவிடும். வகுப்பறை வரை போய்விட்டால் அடுத்தது கழிப்பறை. சக்கர நாற்காலி நுழைய ஏறத்தாழ மூன்று அடி அகலக் கதவு வேண்டும். இரண்டரை அடிக் கதவு என்றால் நாற்காலியின் சக்கரத்தைச் சுற்றும் கைகளுக்கே இடம் இருக்காது. கழிப்பறைக்குப் போக முடியாத பிள்ளை என்ன செய்யும்? காலையில் தண்ணீர் குடிக்காது. பிறகு அம்மா மதியம் வந்து தூக்கிக்கொண்டு போவார். பெண் குழந்தை பெரியவளானதும் அனுப்புவதையே நிறுத்திவிடுவார். இந்தப் பிள்ளை 'இடைநின்றாள்' என்று பதிவேட்டில் எழுதப்படும்போது அதன் காரணமாகக் கதவின் அகலம் எங்கும் எழுதப்படுவதில்லை.

சக்கர நாற்காலியாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இயலாமை கொண்ட பிள்ளையின் பாடு இன்னும் மோசம். தமிழ் எழுத்தை ஒரு குழந்தையின் கண்ணால் பாருங்கள். 'கொடி' என்று படிக்க வேண்டும். கண் முதலில் சந்திப்பது ஒற்றைக் கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ 'க்' என்ற ஒலியை. கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் 'க'. மூன்றையும் மனதுக்குள் ஒன்றாக்கினால்தான் 'கொ' கிடைக்கும். அந்தக் காலும் 'ர'வும் கிட்டத்தட்ட ஒரே சாயல். 'கௌ'வின் பின்பாதி 'ள' மாதிரியே இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இதை இரண்டாம் வகுப்புக்குள் கடந்துவிடுகிறார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு முடிச்சு. கேட்டால் கதையை அழகாகச் சொல்லும், மனக்கணக்கும் போடும், எழுதச் சொன்னால் திணறும். அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'மக்கு', 'படிப்பு ஏறாதது'. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய, கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் இந்திய மொழிக் கருவி 2015-இல் வெளிவந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில் மட்டுமே இருந்தது. முதல் பட்டியலில் தமிழ் இல்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் நகரத்துப் பிள்ளைக்கு மதிப்பீடும் மறுபயிற்சியும் கிடைக்க, கிராமத்துத் தமிழ்வழிப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் மட்டும் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, பெற்றோர் கூட்டங்களில் மெல்லிய குரலில் சொல்லப்படுவது: இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் மற்றவர்களின் படிப்பு கெடும். இதைக் கெட்ட எண்ணம் என்று ஒதுக்கிவிடக் கூடாது; தன் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் சான்றுகள் அந்தக் கவலைக்குத் துணை நிற்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஹேர் தலைமையிலான குழு 25 நாடுகளின் 280 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சேர்ந்து படிப்பதால் மற்ற மாணவர்களின் கற்றலுக்குப் பொதுவாகப் பாதிப்பு இல்லை, சில இடங்களில் சிறு நன்மையும் உண்டு என்பதே அதன் முடிவு. இத்தாலி 1977-இல் ஒரு சட்டத்தின் மூலம் தனி வகுப்புகளையே ஒழித்தது. மாற்றுத்திறன் குழந்தை இருக்கும் வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது என்றது, துணை ஆசிரியரையும் கொடுத்தது. துணை ஆசிரியர் போதவில்லை என்ற புகார் அங்கும் உண்டு. ஆனாலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அந்த நாட்டின் பொதுப் பள்ளி இதே வழியில்தான் நடக்கிறது.

வெளிநாட்டுச் சான்று நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் நம் ஈராசிரியர் பள்ளிகளைப் பார்க்கட்டும். ஓர் ஆசிரியர் ஒன்று முதல் மூன்று வரை, இன்னொருவர் நான்கும் ஐந்தும். ஒரே அறையில், ஒரே நேரத்தில், வெவ்வேறு வயதும் வெவ்வேறு நிலையும் கொண்ட குழந்தைகளுக்கு நம் ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கற்பித்துவருகிறார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்து, தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறியது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரே வகுப்பின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி எப்போதோ கைவிட்டுவிட்டது. இன்னும் பின்னால் போனால், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தை இழுத்து, இழுக்கும்போதே உரக்கச் சொன்னார்கள். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் இந்த முறையைப் பார்த்து வியந்து 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் அங்கே பரவியது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இன்றைய பயிற்சியாளர்கள் பரிந்துரைப்பதும் கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து கற்பதையும், சகமாணவர் துணையையும்தான். அந்தப் பிள்ளைக்காக வகுப்பில் ஒரு மணல்தட்டு வைத்தால் முதல் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது உதவும்.

இரண்டாவது மறுப்பு ஆசிரியர்களுடையது. அதில் நியாயம் இருக்கிறது. எமிஸ் இணையதளப் பதிவும் விலையில்லாப் பொருள் கணக்கும் பயிற்சியும் தேர்வும் தலையில் இருக்க, ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தராத ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. சொல்லித்தர வேண்டியவர் சிறப்பாசிரியர். அவர் வள மையத்தில் இருக்கிறார். பல பள்ளிகளுக்கு முறைவைத்துப் போய்வர வேண்டியவர். பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறவர். இதைத்தான் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் வந்த தீர்ப்பு, தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கும் அதற்கு மேற்பட்ட நிலையில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை வைத்தது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கவும் சொன்னது. ஒன்றிய அரசு 2022-இல் அந்த விகிதத்தை அறிவிக்கையாக வெளியிட்டது. 2025 மார்ச்சில் அதே வழக்கு மீண்டும் வந்தபோது, பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, தாராளமான 15-க்கு ஒருவர் என்ற விகிதத்தைக் கொண்டாலே, ஆறாயிரத்து அறுநூறுக்கும் மேல் பணியிடங்கள் வேண்டும். இன்றுள்ள ஏற்பாடு அந்த எண்ணிக்கைக்குக் கிட்டத்தில்கூட இல்லை. இதைச் சரிசெய்யாமல் வகுப்பாசிரியருக்கு 'உள்ளடக்கிய கல்வி' பற்றி ஒருநாள் பயிற்சி கொடுப்பது, துடுப்பைக் கொடுக்காமல் படகோட்டச் சொல்வதாகும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: சிறப்புப் பள்ளிகள் இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யவில்லையா? செய்திருக்கின்றன. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறனற்றோருக்குமான பள்ளிகள் நூற்றாண்டு கடந்தவை. தென்காசி ஆய்க்குடியின் அமர் சேவா சங்கமும் சென்னையின் வித்யா சாகரும் 1980-களிலிருந்து வளர்த்த அனுபவம் இல்லாவிட்டால், இன்று அரசிடம் இந்தத் துறை பற்றிய அறிவே குறைவாக இருந்திருக்கும். செவித்திறனற்ற குழந்தையின் விஷயத்தில் இந்த மறுப்புக்கு இன்னும் வலு கூடுகிறது. சைகைமொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத பொதுப் பள்ளியில் அந்தப் பிள்ளையை உட்காரவைப்பது, ஐம்பது பேர் நடுவில் தனிமைச் சிறை வைப்பதற்குச் சமம். ஆய்வுகளும் எச்சரிக்கின்றன. கேம்பல் அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பொது வகுப்பில் சேர்ப்பது மட்டும் சிறப்புத் தேவைக் குழந்தைகளின் கற்றலைச் சராசரியாக உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை என்று கண்டது. பொதுப் பள்ளிக்கு ஆதரவாக எழுதுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. என் வாதத்துக்கு இது எதிரானதும் இல்லை. எந்தக் கட்டடத்தில் பிள்ளை உட்காருகிறது என்பதைவிட, அங்கே அதற்காக யார், எத்தனை மணி நேரம், எந்த முறையில் வேலை செய்கிறார்கள் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்றுதான் அந்த முடிவை நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் சிறப்புப் பள்ளியையே பெருக்கிவிடலாமே என்றால், தூரம் குறுக்கே நிற்கிறது. சிறப்புப் பள்ளி மாவட்டத் தலைநகரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கும். அருகமைப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும். ஜவ்வாது மலைக் கிராமத்தின் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாட்டின் பொருள், அம்மாவோடு இருப்பதா விடுதிக்குப் போவதா என்பது. சில குழந்தைகளுக்கு விடுதியுடன் கூடிய சிறப்புப் பள்ளியே நல்ல தேர்வாக இருக்கலாம். சட்டமும் அந்தத் தேர்வைப் பெற்றோரிடம்தான் விட்டிருக்கிறது. ஆனால் பக்கத்துப் பள்ளி கைவிரித்ததால் போவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. சிறப்புப் பள்ளிகளின் அனுபவம் அவற்றின் மதிலுக்குள் நிற்காமல், பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வள மையங்களாக அவை மாற வேண்டும். மதிலை இடிக்க வேண்டாம், வாசலை அகலமாக்கினால் போதும்.

கேலிக்குப் பயந்து பிள்ளையை அனுப்பாத பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை ஊர்தான் உண்டாக்கியது. நொண்டி, செவிடு, லூசு என்பவை விளையாட்டு வசவுகளாக இன்றும் தெருவில் புழங்குகின்றன. திரைப்பட நகைச்சுவையில் அவற்றுக்குக் கைதட்டலும் உண்டு. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத்திறனாளி' என்று அரசு மாற்றியது நல்ல செயல். ஆனால் பழக்கம் சொல்லால் மாறாது, பழகினால்தான் மாறும். ஆறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து தோசைத் துண்டைப் பகிர்ந்த பிள்ளையை அறுபது வயதில் யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. தனியார் பள்ளிகளுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் 'இங்கே சரிப்பட்டு வராதுங்க' என்று இனிமையாகச் சொல்லி அனுப்புவது, அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளிக்கும் சட்டப்படி இல்லாத உரிமை. சேர்த்துக்கொண்டு, உதவியாளர் செலவு முழுவதையும் பெற்றோர் தலையில் கட்டுவதும் அதே மறுப்பின் வேறு வடிவம்தான்.

கடைசி மறுப்பு, பணம். சிறப்புத் தேவைக் குழந்தைக்கு மாணவர் சார்ந்த உதவிகளுக்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் ஒதுக்குவது ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை. ஆசிரியர் ஊதியம் தனி. 200 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு பதினேழரை ரூபாய். கிரிவலப் பாதையில் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட அது போதாது. அந்தத் திட்ட நிதியும் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடாததை ஒட்டி, சுமார் 2,150 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. இந்த மோதலுக்குப் பின்னால் இருக்கும் மொழிக் கொள்கையில் யார் பக்கம் நின்றாலும், அந்த வழக்காடலின் செலவைச் சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கும் பிள்ளை கட்டுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதேபோல், டெல்லி பணம் தரவில்லை என்பதைச் சொல்லியே மாநிலமும் தன் பொறுப்பைக் கைகழுவ முடியாது. தமிழ்நாடு பணத்துக்காகக் காத்திருந்து பள்ளிக் கல்வியை வளர்த்த மாநிலம் இல்லை. 1950-களில் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், 2022-இல் காலை உணவு வந்தபோதும் 'நிதி எங்கே?' என்ற கேள்வி எழாமல் இல்லை. பசித்த பிள்ளை படிக்க முடியாது என்ற ஒரே உண்மையை ஒப்புக்கொண்டதும் பணம் கண்டுபிடிக்கப்பட்டது. கேட்காத காதோடும், எழுத்து கலங்கும் கண்ணோடும், ஏற முடியாத படியின் கீழும் இருக்கும் பிள்ளையாலும் படிக்க முடியாது என்பது அதே அளவு எளிய உண்மைதான்.

செய்ய வேண்டியவை தெரிந்தவையே. சிறப்பாசிரியர்களை நீதிமன்றம் சொன்ன விகிதத்தில் நிரந்தரப் பணியில் அமர்த்தி, கைக்கு எட்டும் சில பள்ளிகளுக்கு ஒருவர் என்று பொறுப்பு பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லா ஆசிரியர் பட்டயப் படிப்பிலும் சிறப்புத் தேவைக் குழந்தையோடு வகுப்பறையில் நேரடிப் பயிற்சி கட்டாயமாக இருக்க வேண்டும். தமிழுக்கென்றே செம்மையான கற்றல் குறைபாட்டு மதிப்பீடு அரசுப் பள்ளி அளவுக்கு வர வேண்டும். சாய்தளத்துக்கும் கழிப்பறைக் கதவுக்கும் 'உண்டு' என்ற குறிக்குப் பதில் அளவைப் படிவத்தில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்க்கை எண்ணிக்கையை வெளியிடுவதைப் போல இந்தக் குழந்தைகள் வகுப்பில் இருந்த நாள்களின் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் ஒன்றியவாரியாக அரசு வெளியிட வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் ஒவ்வோர் ஊரும் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடி அண்ணாமலையிலும் மற்ற ஊர்களிலும் அடுத்த கூட்டத்துக்குப் போகிற பெற்றோர், மறக்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதிவேட்டில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? நேற்று அவர்களில் எத்தனை பேர் வகுப்பில் இருந்தார்கள்? சிறப்பாசிரியர் கடைசியாக வந்த தேதி என்ன, அடுத்து வரும் தேதி என்ன? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்கள் தெருவில் ஒரு வீடு இருக்கிறது; கூட்டம் முடிந்ததும் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.